அவிழ்த்துவிட்ட செவலை

கமர்ஜஹானுக்குத் தோல் வாடை ஒரு வாடையாகவே தெரியாது. நாய் வாடைதான் குடலைப் புரட்டும்.

பேகம்பூருக்கு முதல் தடவை வருகிற வெளியூர்க்காரர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே கைக்குட்டையைத் தேடுவார்கள். உப்பும் கொழுப்பும் ஊறிய அந்த வாடையில்தான் அவள் வாழ்க்கைப்பட்டு வந்தாள். அதில்தான் மகள் இஃப்பத்தைப் பெற்று வளர்த்தாள். புருஷன் அப்துல் லத்தீப் பெரிய முதலாளி இல்லை. தோல் பதனிடும் ஷாப்பு நடத்துகிற அளவுக்கு வசதி கிடையாது. பச்சைத்தோல் மண்டிதான் வைத்திருந்தார். அகரம், சேவுகம்பட்டிப் பக்கத்துக் கறிக்கடைகளில் உரித்த ஆட்டுத்தோல் சைக்கிளிலும் பஸ் கூரையிலும் வந்து இறங்கும். ஒட்டியிருக்கிற சவ்வையும் கறியையும் கத்தியால் வழித்துவிட்டு, உப்பை அள்ளித் தேய்த்து, மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவரோரம் அட்டி போடவேண்டும். லோடு சேர்ந்ததும் ஈரோட்டுக்கோ வாணியம்பாடிக்கோ லாரி ஏறிவிடும்.

லத்தீப் மவுத்தாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர் கெடுகிறது என்று கோர்ட்டு வரைக்கும் போய், ஊரில் பல ஷாப்புகள் பூட்டிக் கிடந்த தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. மண்டியை அவள் விடவில்லை. உள்வேலைக்குக் கருப்பணன் இருந்தான். லத்தீப் காலத்திலிருந்து சவ்வு வழிக்கிறவன். வெளிவேலைக்குத் தம்பி சௌகத் அலி இருந்தான். அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். தாய் இல்லாத பிள்ளை என்று கல்யாணமான புதிதிலேயே கூட்டிவந்து, தட்டில் பிசைந்து ஊட்டி வளர்த்தவள் அவள்தான். "இஃப்பத்துக்கு முடியட்டும், பெறகு எனக்குப் பாக்கலாம்" என்று தன் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டிருந்தான். தெருவில் அவனைச் சொல்லிச் சொல்லி மெச்சுவார்கள்.

அந்த வருஷம் ரமலான் பெருநாள் முடிந்த வாரத்தில்தான் தோல் குறைவதைக் கமர்ஜஹான் கண்டாள். அட்டி எவ்வளவு உயரம் இருந்தது என்பதைச் சுவர் காட்டிக்கொடுத்துவிடும். உப்பு ஈரம் ஏறி வெள்ளையாகக் கோடு பூத்திருக்கும். கோட்டுக்கும் அட்டிக்கும் நடுவில் ஒரு சாண் வெறுஞ்சுவர் தெரிந்தது.

"தோலு காஞ்சா அமுங்கத்தானக்கா செய்யும்" என்றான் சௌகத்.

"அமுங்குனா எல்லா மூலையுமில்ல அமுங்கணும்? பின்கதவுப் பக்கம் மட்டும் எப்பிடிடா அமுங்கும்?"

கருப்பணன் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னான். "நாய் ஒண்ணு போட்டுருவோம்மா. எங்க ஊருல ஒரு குட்டி வளந்து நிக்கிது. கோம்பைச் சாதி கலந்தது. வேத்தாளு காலு வச்சா கெண்டச் சதையக் கவ்விரும்."

"நாயா? ச்சீ!" அவள் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"காவலுக்கு வளக்கலாம்மா. எங்களுக்கு ஓதிக் குடுத்த எடத்துல சொல்லியிருக்காங்க. வீட்டுக்குள்ளதான் விடக்கூடாது" என்றாள் இஃப்பத்.

சௌகத்துக்கு அதில் இஷ்டமில்லை. வீண் செலவு, தெருவில் மனச்சடவு என்று என்னென்னவோ சொன்னான். ஆனாலும் அடுத்த நாளே கருப்பணன் சாக்குக் கயிற்றில் கட்டி இழுத்துவந்துவிட்டான். செம்மண் நிறம், கரி பூசின மூஞ்சி. செவலை என்றுதான் ஊரில் கூப்பிட்டிருந்தார்கள்.

முன்வாசலில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். தெருவில் போகிற சைக்கிளையெல்லாம் பார்த்துக் குலைத்தது. ஆனால் திருடன் வருவது பின்பக்கமாக. அவிழ்த்துவிட்டால்தான் அங்கே காவல். அவிழ்த்துவிட்டால் அது மண்டியில் இருந்தால்தானே? பின்சுவரின் அடியில், கழுவின தண்ணீர் வெளியேறுகிற ஜலதாரை ஒன்று உண்டு. அதற்குள் புகுந்து வெளியே போய்விடும். வெளியே, வழித்த சவ்வையெல்லாம் கொட்டுகிற குழி.

ஜலதாரைக்குக் கம்பி வலை அடித்துப் பார்த்தார்கள். ஒரே நாளில் கொழுப்பு அடைத்துக்கொண்டு, தண்ணீர் எதிர்த்துவந்து கீழ் அட்டியின் உப்பெல்லாம் கரைந்தது. வலையைப் பிடுங்கினார்கள்.

குழியிலிருந்து அது திரும்பி வருகிற கோலத்தைக் கமர்ஜஹானால் பார்க்க முடியாது. தாடையில் சாம்பல் நிறத்தில் கொழுப்புத் தொங்கும். காதோரம் புழு நெளியும். வாசலில் வந்து நின்று வயிறு குலுங்கக் குலுங்கக் கக்கும். கக்கினதைச் செத்த நேரம் மோந்து பார்த்துவிட்டு, மறுபடி அதையே நக்கித் தின்னும். அதைப் பார்த்த அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சோற்றில் கை போகாது.

"தண்ணி வாரதே பத்து நாளைக்கு ஒருக்கா. இது வாய வச்ச எடத்தையெல்லாம் ஏழு தடவ கழுவணும்னா நான் எங்கிட்டுப் போக? கூட்டிட்டுப் போயிரு கருப்பணா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"பழக்கினா நின்னுரும்மா. புதுசுல்ல" என்று அவன் ஒவ்வொரு வைத்தியமாகச் சொன்னான். முதலில் கழுத்தில் வேலிக்கருவைக் கட்டை ஒன்றைத் தொங்கவிட்டான். ஓடினால் முன்னங்காலில் இடிக்கும், நின்றுவிடும் என்றான். அது கட்டையையும் இழுத்துக்கொண்டு ஜலதாரை வழியாகப் போய், முட்டி பிய்ந்து சதை தெரிய வந்து நின்றது. புண்ணில் ஈ மொய்த்தது. கட்டையை அவிழ்க்கச் சொல்லி அவளே வேப்பெண்ணெயைத் தூரத்திலிருந்து ஊற்றினாள்.

அடுத்தது கக்கத்து வைத்தியம்.

"சோத்த உருட்டி, போடுறவுக கக்கத்துல செத்த நேரம் வச்சிருந்து போடணும்மா. வேர்வ உள்ள போச்சுன்னா அந்த ஆள விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகராது."

"எவ கக்கத்துலடா?"

"சோறு போடுறவுக…"

இஃப்பத் சிரித்துச் சிரித்து உப்பு மூட்டையில் சாய்ந்துவிட்டாள். கமர்ஜஹானுக்கு உடம்பெல்லாம் கூசியது. "அட கருமமே! நீயே வச்சுக் குடு."

கருப்பணன் வைத்துக் கொடுத்தான். செவலை ஒரே வாயில் விழுங்கியது. அவனை அன்போடு பார்த்துவிட்டு ஜலதாரைக்குள் நுழைந்துவிட்டது.

சௌகத்திடம் வேறு வைத்தியம் இருந்தது. நனைந்த தோல் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு பின்சுவரோரமாக நிற்பான். நாய் திரும்பி வந்து தலையை நீட்டியதும் மூஞ்சியில் விளாசுவான். "போவியா? இனிமே போவியா?" அது ஊளையிட்டுக்கொண்டு மூத்திரம் போகும்.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மத்தியானம், உப்பு அள்ளிக்கொண்டிருந்த கமர்ஜஹான் பார்த்தாள். செவலை ஜலதாரையில் தலையை நீட்டியது. அங்கே சௌகத் நிற்பதைக் கண்டதும் தலையை இழுத்துக்கொண்டு குழிக்கே போய்விட்டது.

"டேய், போகும்போது நீ அதை அடிக்கல. வரும்போதுல்ல அடிக்கிற?"

"போனதுக்குத்தானக்கா அடிக்கிறேன்."

"அதுக்கு அது தெரியுமா? வந்ததுக்கு அடி விழுந்தா எந்த நாய் வரும்? நீ இனிமே இதுகிட்ட வராத. நான் பாத்துக்கிறேன்."

அவள் அதைச் சொன்னது இரக்கத்தில் இல்லை. அது வாசலில் கக்குவதை நிறுத்தவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. சாக்கு தைக்கிற கயிற்றை முறுக்கி நீளமாக ஒரு வடம் செய்தாள். கறிக்கடையில் தள்ளிவிடுகிற நுரையீரலை மஞ்சள் போட்டு வேகவைத்துத் துண்டாக்கி, மூடியில்லாத பழைய டின்னில் வைத்துக்கொண்டாள். வடத்தின் ஒரு நுனி நாய்க் கழுத்தில், மறுநுனி அவள் காலடியில். அது ஜலதாரைப் பக்கம் திரும்புகிற நேரமாகப் பார்த்து, "செவலே, இந்தா!" என்பாள். வந்தால் ஒரு துண்டைத் தூக்கிப் போடுவாள். கையில் கொடுப்பது கிடையாது. வராவிட்டால் வடத்தை மிதிப்பாள். அது தானாக நின்று திரும்பும். திரும்பியதும் துண்டு.

முதலில் ஒரு தப்புச் செய்தாள். கூப்பிட்டு, துண்டைப் போட்டு, கையோடு சங்கிலியில் கட்டிவிட்டாள். மறுநாள் எவ்வளவு கூப்பிட்டும் அது கிட்டே வரவில்லை. எட்ட நின்று வாலை மட்டும் ஆட்டியது. அவளுக்கு விஷயம் பிடிபட்டது. அதற்குப் பிறகு கூப்பிடுவாள், போடுவாள், "போ" என்று மறுபடி விட்டுவிடுவாள். வந்தால் நஷ்டமில்லை என்று அதற்குத் தெரியவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வடத்தைக் குட்டையாக வெட்டிக்கொண்டே வந்து, மாசி மாசம் முடிகிறபோது வெறுங்கழுத்தாகவே விட்டுவிட்டாள்.

ஒருநாள் வெயிலில் குழி பொங்கி வாடை உள்ளே அடித்தது. செவலை பாதி உடம்பை ஜலதாரைக்குள் நுழைத்துவிட்டது. வால் பக்கம் மட்டும் மண்டிக்குள் நின்றது.

"செவலே, இந்தா!"

வால் அசையாமல் நின்றது. பிறகு பின்னங்கால்கள் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு வந்தன. தலையும் வந்தது. ஓடிவந்து அவள் முன்னால் உட்கார்ந்தது. இஃப்பத் கைதட்டினாள். கருப்பணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஆத்தாடி! எங்க ஊருப் பிள்ளைககூட இம்புட்டுச் சொன்ன பேச்சுக் கேக்காதும்மா" என்றான். கமர்ஜஹான் பெருமையில் மறந்துபோய்க் கையை நீட்டிவிட்டாள். அது நக்கிவிட்டது. அந்தக் கையை உடம்பிலிருந்து தள்ளி, வேறு யாருடைய கையோ என்பதுபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போய், மண் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எச்சில் பட்ட இடம் சாயங்காலம் வரை வழுவழுத்துக்கொண்டே இருந்தது.

எப்படியோ, நாய் நின்றுவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காக மண்டியை முற்பகலிலேயே அடைத்துவிடுவார்கள். கருப்பணன் அகரத்துக்கு பஸ் ஏறிவிடுவான். சௌகத் குளித்து, வெள்ளை ஜிப்பா போட்டு, காதுக்குப் பின்னால் அத்தர் தடவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்படுவான். கமர்ஜஹான் நெய்ச்சோறும் கறியும் வாழையிலையில் கட்டி அவன் கையில் கொடுப்பாள். லத்தீப் இருந்தபோதே உள்ள வழக்கம் அது. பள்ளிவாசல் வாசலில் கையேந்தி இருக்கிற மிஸ்கீனுக்கு. பிறகு அவளும் இஃப்பத்தும் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற வீட்டில் தொழுதுவிட்டுச் சாப்பிடுவார்கள். மண்டியில் நாய் மட்டும் அவிழ்ந்து கிடக்கும்.

சாயங்காலம் அசர் நேரம் வந்து பார்த்தால் செவலையைக் காணாது. வெகுநேரம் கழித்து வயிறு உப்பி வந்து படுக்கும். சோறு வைத்தால் மோந்துகூடப் பார்க்காது. இரண்டாவது வெள்ளிக்கிழமையும் அப்படியே ஆனபோது அவள் சுவரைப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே மறுபடி இடைவெளி.

"நாயைக் கொண்டாந்தவன் யாரு?" என்று சௌகத் மெதுவாகக் கேட்டான். "ஒன்னயத் தவுர வேற யாரு கூப்பிட்டா அது போகும்? கக்கத்துச் சோறு வேற போட்டிருக்கான். நான் சொல்லல, நீயே யோசி."

அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலையில், தோல் இறக்க வந்த ஆட்களும் பக்கத்து மண்டிக்காரர்களும் நிற்கிற வாசலில் வைத்துக் கேட்டுவிட்டாள்.

"கருப்பணா, வெள்ளிக்கிழம மத்தியானம் நீ எங்க போற?"

"வீட்டுக்குத்தாம்மா. எதுக்குக் கேக்குறீங்க?"

"நீ வளத்த நாயி. நீ கூப்பிட்டாத்தான போகும்? பின்கதவுப் பக்கம் தோலு கொறையிது."

கருப்பணனுக்கு முதலில் விளங்கவில்லை. சுற்றி நிற்பவர்களைப் பார்த்தான். விளங்கியது. முழங்கை வரைக்கும் ஒட்டியிருந்த சவ்வை ஒரு சாக்கில் துடைத்தான்.

"தோலெடுத்துத் திங்கிறவனா இருந்தா, இருவது வருசத்துல இந்தச் சுவரையும் சேத்துத் தின்னுருப்பேம்மா" என்றான். கத்தியைச் சாக்குத் துணியில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான். செவலை வாசல் வரைக்கும் கூடப் போயிற்று. அவன் காலால் மண்ணைத் தட்டி அதை உள்ளே விரட்டினான்.

அவன் போன மறுநாளே வேலை கழுத்தைப் பிடித்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. வேறு ஆள் பார்ப்பதாகச் சௌகத் சொல்லிக்கொண்டே இருந்தான், பார்க்கவில்லை. பங்குனி வெயிலில் தோல் ஒரு பகல் தாங்காது; வயிற்றுப்பக்கம் பச்சை பூத்து மயிர் கையோடு வந்துவிடும். கமர்ஜஹானும் இஃப்பத்தும் கட்டையில் தோலைப் போட்டு வழித்தார்கள். லத்தீப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த வேலைதான். செய்யும்போதுதான் தெரிந்தது. வெதுவெதுப்பான கொழுப்பு நகக்கண்ணில் ஏறியது. உப்பு விரல்வெடிப்பில் எரிந்தது. ஈ உதட்டில் வந்து உட்கார்ந்தால் ஓட்டக் கை சுத்தமில்லை. சாயங்காலம் இஃப்பத் மூன்று தடவை சோப்புப் போட்டுவிட்டு, விரலை மோந்து பார்த்து அழுதாள். அவளுக்கு வத்தலக்குண்டில் ஒரு இடம் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"அவன் போனதுலருந்து அட்டி கொறையல, பாத்தியா?" என்றான் சௌகத், நல்லியை உறிஞ்சிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை வந்தது. முந்தின நாள் இறங்கிய தோல் பாதி அப்படியே கிடந்தது. கமர்ஜஹான் விடியலிலேயே சமைத்து, சௌகத்திடம் மிஸ்கீன் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, இஃப்பத்தை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு மண்டிக்கு வந்தாள். வெளியிலிருந்து யாரும் வரவேண்டாம் என்று முன்கதவை உள்ளே தாழ் போட்டாள். உப்பறையில் உட்கார்ந்து வழிக்கத் தொடங்கினாள். நாய் பின்கதவோரம் நிழலில் கிடந்தது.

பாங்கு சொல்லி ஓய்ந்தது. ஒலிபெருக்கியில் பிரசங்கம் ஆரம்பித்தது. அந்த நேரம் சுவருக்கு வெளியே ஒரு சீழ்க்கை கேட்டது. சின்னதாக, நாக்கை மடித்து விடுகிற சீழ்க்கை. செவலை எழுந்து ஜலதாரைக்குள் புகுந்து போய்விட்டது.

கமர்ஜஹான் வேறு எதையும் நினைக்கவில்லை. பிரசங்கச் சத்தத்துக்கு அடியில் வாய் பழக்கத்தில் மெல்லச் சொன்னது. "செவலே, இந்தா!"

வெளியே வண்டிச் சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் நாய் திரும்பி வந்தது. வெறும் வாயோடு வரவில்லை. நெய்ச்சோறு ஒட்டின கழுத்தெலும்பு ஒன்றை வாழையிலைக் கிழிசலோடு கவ்விக்கொண்டு வந்து, அவள் காலடியில் போட்டுவிட்டு, துண்டுக்காக அண்ணாந்து பார்த்தது.

அவள் அதைப் பார்த்தாள். காலையில் தன் கையால் எடுத்து வைத்த எலும்பு. மிஸ்கீனுக்கு வெறுஞ்சோறு போகக்கூடாது என்று, கறி அதிகம் ஒட்டினதாகத் தேடி வைத்தது.

பின்கதவில் சாவி திரும்பியது. கதவு உள்பக்கம் தள்ளிக்கொண்டு திறந்தது. வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, அத்தர் மணம். சௌகத்துக்குப் பின்னால் ஒரு தட்டுவண்டிக்காரன் சாக்கை உதறிக்கொண்டு நின்றான். நாய் வண்டிக்காரனைக் கண்டதும் பல்லைக் காட்டி உறுமியது. அவன் வண்டியையும் விட்டுவிட்டு ஓடினான்.

அவளுக்கு முதலில் வாயில் வந்தது அந்தக் கேள்விதான்: "நீ தொழுகைக்குப் போகலையா?"

"போய்க்கிட்டுத்தானக்கா இருக்கேன். கைகால் கழுவி ஒளுவோடதான் இருக்கேன்" என்றான். பொய் சொல்கிற முகமாகவே இல்லை. நிமிஷத்தில் தெளிந்துவிட்டான். "நீ வீட்டுக்குப் போகலையா?"

"என்னடா இது?"

"சத்தம் போடாத. எம் பங்கத்தானக்கா எடுத்தேன். இம்புட்டு வருசம் ஓடியாடிருக்கேன், எனக்குன்னு என்ன இருக்கு? மண்டி ஒம் பேருல. நாளைக்கு இஃப்பத்து மாப்பிள்ளை வந்து உக்காருவான்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

"கேட்டு வாங்குனா அது பிச்சை."

"பிச்சைன்னு குடுத்துவிட்ட சோத்த நாய்க்குப் போட்டியே."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சோறுதானக்கா. யாரு தின்னா என்ன? வண்டிக்காரனக் கடிச்சிரும்னுதான் சோத்தக் காட்டி நாய அங்கிட்டு இழுத்து வேலியில கட்டிப் போடுவேன்."

"அப்ப கருப்பணன்?"

"அவந்தான் போயிட்டான்ல? அப்பிடியே இருக்கட்டும். வத்தலக்குண்டுக்காரங்க பேசிக்கிட்டிருக்க நேரத்துல மாமங்காரன் பேரு கெடணுமா? அவன் பேரு கெட்டா யாருக்கு என்ன கேடு?" ஒலிபெருக்கியில் வரிசையில் நிற்கச் சொல்கிற குரல் கேட்டது. அவன் தொப்பியைச் சரிசெய்தான். "நிக்கப் போறாங்க. தொழுதுட்டு வாரேன். ஒக்காந்து பேசிக்கிருவோம்."

ஜிப்பாவில் உப்பு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளிவாசலைப் பார்த்து ஓடினான்.

கமர்ஜஹான் அட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். எடுக்க ஒன்றுமில்லாமல் போன பிறகும் குமட்டியது. செவலை கிட்டே வந்து மோந்தது. அதைக் கையால் தள்ளிவிட்டாள். கழுவவேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அகரம் பஸ்ஸில் ஏறினாள். கருப்பணன் வீட்டு வாசலில் அவன் பெண்சாதி கண்ணம்மாள் கூலிக்கு வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். கருப்பணன் உள்ளே படுத்திருந்தான். குரல் கேட்டும் வெளியே வரவில்லை.

"தப்பு எங்க வீட்டுலம்மா. எந் தம்பிதான். கண்ணால பாத்துட்டு வாரேன்" என்றாள் கமர்ஜஹான்.

கண்ணம்மாள் அரிவாளை நிறுத்தவில்லை. "சரி."

"அவரக் கூப்பிட வந்திருக்கேன்."

"இங்க வந்து சொல்றீங்க. இங்க யாரும் அவரத் திருடன்னு சொல்லலையே? சொன்னது ஒங்க தெருவுலல்ல? அகரத்துல ரெண்டு மண்டியில வேல கேட்டுப் போனாரு. 'பேகம்பூருல என்னமோ சொன்னாகளே'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நாலு நாளா சோறு எறங்காமக் கெடக்காரு. சொன்ன எடத்துல போயிச் சொல்லுங்கம்மா. பெறகு வாரதும் வராததும் அவரு இஷ்டம்." பிறகு, கொஞ்சம் தணிந்து, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

கமர்ஜஹான் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தாள்.

அசர் தொழுகை முடிந்து ஆட்கள் டீக்கடைப் பக்கம் நிற்கிற நேரம் அவள் மண்டி வாசலில் நின்றாள். யாரையும் கூப்பிடவில்லை. இருக்கிறவர்கள் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னாள். "கருப்பணண்ணன் எங்க மண்டியில ஒரு தோலுகூட எடுக்கல. எடுத்தது எந் தம்பி சௌகத் அலி. ஜும்ஆ நேரத்துல எடுத்தான். நான் கருப்பணண்ணன் மேல சொன்னது பொய்யி. கேட்டவங்க எல்லாரும் கேட்ட மாதிரியே மத்தவங்ககிட்டயும் சொல்லிருங்க."

லத்தீப்புக்கு அண்ணன் முறையுள்ள ஒரு பெரியவர் கைக்கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். "வீட்டுக்குள்ள முடிச்சிருக்கணும்மா இத. பொம்பளப்பிள்ளைய வச்சிருக்க."

"வீட்டுக்குள்ளதான் மச்சான் அழுகுது" என்றாள் அவள்.

சௌகத் அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு சேக்காளி ஒருத்தன் வீட்டுக்குப் போய்விட்டான். போகிற போக்கில், சோறு போட்டு வளர்த்ததையெல்லாம் சொல்லிக்காட்டுகிறவள் என்று அவள்மேல் பழி சொல்லிவிட்டுப் போனான். வத்தலக்குண்டிலிருந்து, "பெருநா கழிச்சுப் பாத்துக்கிருவோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் கழித்து இஃப்பத், "மாமாவுக்குத் தட்டு எடுத்து வைக்கணுமா வேணாமா, அத மட்டும் சொல்லும்மா" என்றாள். "வேணாம்" என்றாள் கமர்ஜஹான். கருப்பணனிடமிருந்து சேதி எதுவும் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று முற்பகலிலிருந்து தோல் வந்து குவிந்தது. ஆடு அறுத்துக் குர்பானி கொடுத்த வீடுகளிலிருந்து சைக்கிளில், தலைச்சுமையில், கோணியில். இரத்தம் வடிய வடிய வாசலில் மலையாக ஏறியது. தாயும் மகளும் புதுத்துணி உடுத்தவில்லை. உச்சிவெயிலில் கை ஓய்ந்து, இனி முடியாது, பாதி அழுகத்தான் போகிறது என்று கமர்ஜஹான் நிமிர்ந்தபோது, கருப்பணன் வந்து நின்றான். சாக்கைப் பிரித்துக் கத்தியை எடுத்தான். தன் பழைய இடத்தில் உட்கார்ந்து ஒரு தோலை இழுத்துப் போட்டான். செவலை ஓடிவந்து அவன் முதுகில் மூஞ்சியைத் தேய்த்தது.

டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை. ஆறி, ஏடு படர்ந்து, ஈ விழுந்து கிடந்தது. அவள் எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி ஒரு டீ வைத்தாள். அதையும் அவன் தொடவில்லை. அவள் மூன்றாவது வைக்கவில்லை. உட்கார்ந்து உப்பைத் தேய்த்தாள்.

வெயில் தணிகிற நேரம் வாசலில் அத்தர் மணத்தது. சௌகத் புதுச் சட்டை போட்டு, அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். நாய் எழுந்து ஓடி அவன் கையை நக்கியது. வாலை வாலை ஆட்டியது. அவன் அதன் தலையைத் தட்டிக்கொடுத்தான்.

"பெருநா அன்னைக்கு வாசல்ல வந்து நிக்கான்மா. ஒரு ஸலாம் சொல்லி உள்ள கூப்பிடு. ரத்தம் ரத்தம்தான்" என்றார் பெரியவர்.

சௌகத் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினான். "அக்கா."

கருப்பணனின் கத்தி நின்றுவிட்டது. அவன் தலை நிமிரவில்லை.

கமர்ஜஹான் எழுந்தாள். பாதத்தடியில் இரத்தமும் உப்பும் நறநறத்தன. தரை முழுக்கக் கொழுப்பும் மயிரும் மிதித்து மிதித்துக் கூழாகிக் கிடந்தன. அவள் முழங்கை வரைக்கும் சவ்வு காய்ந்து ஒட்டியிருந்தது. தம்பியின் நீட்டிய கையைப் பார்த்தாள். சுத்தமாக, நகம் வெட்டி, மருதாணிக் கறைகூட இல்லாமல் இருந்தது.

"உள்ள வராத" என்றாள். "மண்டி அசிங்கமாயிரும்."

அவள் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். வாசலில் அவர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

கருப்பணன் வழித்து முடித்த தோலை அவள் பக்கம் தள்ளினான்.

"அடுத்ததப் போடுங்கம்மா" என்றான். "இருட்டுறதுக்குள்ள முடிக்கணும்."